வலப்பக்கத்து மூன்று ஜன்னல்கள்

மார்ச் 11, செவ்வாய்

செய்தது: கண் ஆஸ்பத்திரிப் புதுக் கட்டடத்தின் மேற்கு வார்டில் சோதனைப் பேனலைப் பொருத்தினோம். இடப்பக்கத்து மூன்று ஜன்னல்களின் மோட்டார் திரைகளுக்கு நான் தேர்ந்தெடுத்த ரிலே. வலப்பக்கத்து மூன்றுக்கு மாப்பிள்ளை தேர்ந்தெடுத்தது.

தவறியது: இடப்பக்கத்துச் செட்டிங்கை வலப்பக்கத்துக்கு நகலெடுத்தேன். ரிலே வகை வேறு என்பதால் ஒரு கட்டத்தில் இருந்த எண் மட்டும் வந்து சேரவில்லை. திசைமாற்ற இடைவெளி அரை விநாடி இருக்க வேண்டும். சுழியம் என்று நிற்கிறது. வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. சின்னத் தவறு.

நாளை: காலையில் முதல் வேலையாக அதைத் திருத்த வேண்டும்.

இப்படித் தினமும் மூன்று தலைப்பில் எழுதி வரச் சொல்லியிருந்தார்கள், வேலைக்குப் பின் அவன் படிக்கிற மாலை வகுப்பில். கூடப் படிக்கிறவர்கள் வாரக் கடைசியில் உட்கார்ந்து, எல்லா நாளுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் கதை அளந்துவிடுவார்கள். அன்றன்றைக்கே எழுதுகிறவன் அவன் ஒருவன்தான். எழுதியதைப் படித்தும் பார்ப்பான். அன்று ‘சின்னத் தவறு’ என்ற இடத்துக்கு வந்ததும் ‘சின்ன’ என்பதை அடித்துவிடலாமா என்று யோசித்தான். பிறகு விட்டுவிட்டான். விடிந்ததும் திருத்தப்போகிற தவறு சின்னதாக இருந்தால் என்ன, பெரியதாக இருந்தால் என்ன?

கட்டடங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பேனல் செய்து பொருத்துகிற பட்டறை ஒன்றில் அவனுக்கு வேலை. அங்கே அவனுக்கு ‘ரெண்டாந்தரம்’ என்று பெயர். ஒரு திருகை முறுக்கினால் இன்னொரு தரம் முறுக்கிப் பார்ப்பான். ஒரு வயரின் எண்ணைப் படித்தால் இன்னொரு தரம் படிப்பான். பட்டறையில் யார் வேலையையும் இன்னொருவர் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வண்டியில் ஏற்றுவார்கள். அவன் வேலைக்கு மட்டும் பேனலைத் திறக்காமலே கையெழுத்து விழும். “அவன் பாத்தாச்சுன்னா சாமி பாத்த மாதிரி” என்பார்கள். பெருமைதான். ஆனாலும் அந்தப் பட்டப்பெயர் இரண்டாந்தரச் சரக்கு என்று சொல்வதுபோலவும் சில நாள் காதில் விழும். மாப்பிள்ளை வேலைக்குச் சேர்ந்த பிறகு எல்லா நாளும் அப்படித்தான் விழுந்தது.

மாப்பிள்ளை அவன் தங்கையின் கணவர். வயதில் அவனுக்கு இளையவர், உறவில் மரியாதைக்குரியவர். கடைகளுக்கு உருட்டுக் கதவு மாட்டுகிற வேலையில் இருந்தவரை, “நம்ம பட்டறைல ஒரு ஆள் கேக்குறாங்க” என்று கூட்டி வந்ததே அவன்தான். வேலை இடத்தில் தனக்குக் கீழே இருக்கிறவரை ‘டேய்’ என்றோ ‘தம்பி’ என்றோ கூப்பிட முடியாது. “மாப்பிள்ளை, அந்த ஸ்க்ரூடிரைவரக் குடுங்க” என்றான் முதல் நாள். அன்றோடு சரி, பட்டறை முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. பொருள் கொண்டு வருகிற வண்டிக்காரர் முதல் திட்டப் பொறியாளர் மேடம் வரை எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளை. மரியாதையை வீட்டிலிருந்து டிபன் டப்பாவில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தது தான்தான் என்று நினைக்கும்போது அவனுக்குத் தன் தலையிலேயே குட்டிக்கொள்ள வேண்டும்போல் இருக்கும்.

வாடகைக்கு வீடு அமையும்வரை தங்கையும் மாப்பிள்ளையும் அவன் வீட்டிலேயேதான் இருந்தார்கள். இருந்த ஒரே தனி அறை அவனுடையது. அதை அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தன் மேசையைக் கூடத்துக்கு நகர்த்தியிருந்தான். அவன் எழுதும்போதெல்லாம் முழங்கைப் பக்கத்தில் ஃப்ரிட்ஜ் உறுமும்.

அன்று மாலையும் நோட்டை மூடுவதற்குள் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

“மாப்பிள்ளைக்கு அந்த நடுத்துண்டு மீன வை” என்றாள் அம்மா தங்கையிடம்.

“எனக்கு?”

“நீதான் வால் துண்டு விரும்பிச் சாப்பிடுவியே.”

தான் எப்போது அப்படிச் சொன்னோம் என்று அவன் யோசித்துப் பார்த்தான். நினைவில்லை.

தங்கை கேட்டாள்: “அண்ணா, இவரு வரைஞ்ச படத்த மேடம் செவுத்துல ஒட்டி வச்சிருக்காங்களாமே, நெசமாவா?”

“ஒட்டல. குண்டூசி குத்தி வச்சிருக்காங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

“ஒண்ணு இல்ல. ஒட்டுனா எடுக்க முடியாது. குண்டூசின்னா எப்ப வேணா எடுத்துடலாம்.”

மாப்பிள்ளை சிரித்தார். “அதெல்லாம் மச்சான் சொல்லிக் குடுத்ததுதான். நானா என்னத்த வரைஞ்சேன்.”

அதுதான் அவனால் தாங்க முடியாதது. அவன் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனுக்கே தெரியாததை எப்படிச் சொல்லிக் கொடுப்பான்?

விஷயம் இதுதான். மோட்டார் வைத்த ஜன்னல் திரையில் மேலே இழுக்க ஒரு சுற்று, கீழே இறக்க ஒரு சுற்று என்று மோட்டாருக்குள் இரண்டு உண்டு. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் போனால் மோட்டார் கருகிவிடும். மின்சாரத்தை எந்தப் பக்கம் விடுவது என்று வாசலில் நின்று பார்த்துக்கொள்கிற சின்னக் காவல்காரன்தான் ரிலே. உள்ளே இரண்டு உலோகப் புள்ளிகள் ஒட்டும், பிரியும், அவ்வளவுதான். ஆனால் மோட்டார் கிளம்புகிற அந்த ஒரு கணத்தில் பாய்கிற மின்சாரத்தை அந்தப் புள்ளி தாங்க வேண்டும். தாங்காவிட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். கண் ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொண்டால், ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறவர் முகத்தில் மேற்கு வெயில் அடிக்கும்.

ஆகையால், எந்த ரிலே வாங்கலாம் என்று பார்த்துச் சொல்லும்படி மேடம் இருவரிடமும் சொல்லியிருந்தார். “யாரோட ரிலே சோதனைல நிக்குதோ, அந்த பில்டிங் முழுசும் அவங்க பொறுப்பு.” ஒரு கட்டடத்தின் பொறுப்பு என்றால் தனி மேசை, கீழே நாலு பேர், வாசல் பலகையில் பெயர். மூன்று வருடமாக அவன் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் கேட்டலாக்குகளைப் புரட்டி, விலை, எடை, எத்தனை தரம் ஏறி இறங்கத் தாங்கும் என்பதையெல்லாம் ஒப்பிட்டு, ஜோடி ரிலே ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். ஒன்று இழுத்தால் மற்றது நகர முடியாதபடி நடுவில் ஒரு சின்ன நாக்கு தடுக்கும். நம்பகமான சரக்கு. ஆனால் பருமன், பாதிப் பேனலை அடைத்துக்கொள்ளும்.

மாப்பிள்ளை டீ குடித்துக்கொண்டே ஒரு அட்டையின் பின்பக்கம் வரைந்தார். முதல் ரிலே மின்சாரத்தை விடுமா, நிறுத்துமா என்பதை மட்டும் பார்க்கும். இரண்டாவது, மேலேயா கீழேயா என்பதை மட்டும். மேலே தொட்டால் கீழே தானாக விட்டுவிடும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போக வழியே கிடையாது. மோட்டாரின் முதல் பாய்ச்சலைத் தாங்குகிற உலோகத்தில் காண்டாக்ட் புள்ளி வைத்த ரிலேயாகவும் பார்த்துச் சொல்லியிருந்தார். இடமும் பாதி, விலையும் பாதி.

“ரெண்டு பொண்டாட்டிக்காரன் கைல ஒரே சாவி இருக்குற மாதிரி மச்சான். ஒரு வீட்டுல இருந்தா இன்னொரு வீட்டுல இருக்க முடியாது, பாருங்க” என்று அவர் சொன்னதும் பட்டறையே சிரித்தது. அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அந்தப் படத்தில் ஓட்டை எங்கே என்று தேடினான். முதல் தரம் தேடினான், கிடைக்கவில்லை. வழக்கம்போல் இன்னொரு தரமும் தேடினான். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்ற கேள்வி மட்டும் நெஞ்சில் மீன்முள்போல் நின்றது.

ஒரு நிபந்தனை உண்டு அந்தப் படத்துக்கு. ஏறிக்கொண்டிருக்கிற திரையை இறக்க வேண்டுமானால் முதலில் மின்சாரத்தை நிறுத்தி, மோட்டார் மூச்சு விட அரை விநாடி கொடுத்து, அதன் பிறகே திசையை மாற்ற வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் பின்னோக்கிக் கியர் போட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆகும். மாப்பிள்ளை அதையும் படத்தின் ஓரத்தில் வட்டமிட்டு எழுதியிருந்தார். செட்டிங் போடுகிற வேலை ரெண்டாந்தரத்துடையது என்பதால் யாருக்கும் கவலை இல்லை.

மறுநாள் காலை அவன் பட்டறைக்குப் போனான். லேப்டாப்பைத் திறந்தான். அங்கிருந்தே ஆஸ்பத்திரிப் பேனலோடு தொடர்புகொள்ளலாம். இரண்டு நிமிட வேலை. முதலில் நேற்றைய வயரிங் வரைபடத்தை முடித்துவிடலாம் என்று நினைத்தான். முடித்தான். பிறகு டீ வந்தது. பிறகு வேறொரு தளத்துக்குப் போக வேண்டியிருந்தது. முதல் வேலையாகச் செய்ய வேண்டியதைக் கடைசி வேலையாகக்கூடச் செய்யாமல் வீட்டுக்கு வந்தான்.

‘நாளை: இடைவெளியைத் திருத்த வேண்டும்’ என்று எழுதினான். அடுத்த நாளும் அதையே எழுதினான். அதற்கடுத்த நாளும். பொய் எழுதவில்லை. ஒவ்வொரு நாளும் எழுதும்போது நிஜமாகவே நாளைக்குச் செய்துவிடுவோம் என்றுதான் நம்பினான். சோதனைக்காகத் திரைகள் பகல் முழுக்க ஏறி, இறங்கி, பாதியில் திரும்பிக்கொண்டிருந்தன. ஒரு வருடத்துத் தேய்மானத்தைச் சில வாரத்தில் பார்த்துவிட வேண்டும் என்று அப்படி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறை பாதியில் திரும்பும்போதும் வலப்பக்கத்து ரிலேக்களுக்குள் ஒரு பொறி பறக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியும்.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியின் பழைய வார்டில் தண்ணீர்க் குழாய் உடைந்து கட்டில்களெல்லாம் நனைந்துபோயின. நோயாளிகளை அவசரமாக மேற்கு வார்டுக்கு மாற்றினார்கள். “ஆளுங்க இருக்குற எடம், நேர்லயே போய்ச் சோதனை ஓட்டத்த நிறுத்திடுங்க. வெயில் வந்தா எறங்கட்டும், போனா ஏறட்டும். சாதாரணமா ஓடட்டும்” என்று சொல்லி மேடம் இருவரையும் அனுப்பினார்.

வார்டில் மருந்து வாசனை. பச்சைத் துணியால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகப் படுத்திருந்தார்கள். வாசலருகே பேனல். அவன் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டான். சோதனை ஓட்டத்தை நிறுத்தினான். லேப்டாப் திரையில் வலப்பக்கத்து வரிசை. அதில் அந்தக் கட்டம். அதில் அந்தச் சுழியம். முட்டைக் கண்ணைப் போல அவனையே பார்த்தது.

விரலைக் கொண்டுபோனான்.

“தம்பி, இந்தப் பக்கம் பாருங்க, ஏறுறதே தெரியல” என்றது ஒரு குரல். தலைமை நர்ஸ், வலப்பக்கத்து ஜன்னல்களைக் காட்டி மாப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார். “அந்தப் பக்கம் யாரு செஞ்சது? ஒவ்வொரு தடவையும் கதவ ஒதைக்கிற மாதிரி பொட்டிக்குள்ள டொக்கு டொக்குனு. தூங்குறவங்க எழுந்துக்குறாங்க.”

“அது பெரிய ரிலே சிஸ்டர். சத்தம் போட்டாலும் ஆள் கெட்டி” என்றார் மாப்பிள்ளை.

“எனக்குக் கெட்டி வேணாம், அமைதி வேணும். பில்டிங் முழுக்க உங்களதே போடச் சொல்றேன். நீங்கதான் வரணும் இங்க, ஆமா.”

“மச்சான் இருக்காரே. அவருதான் எனக்குக் குரு.”

“யாரு, தரைல உக்காந்திருக்காரே, அவரா?” என்று நர்ஸ் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு வேலையைக் கவனிக்கப் போய்விட்டார்.

அவன் விரல் அந்தரத்தில் நின்றது. காதுமடல் சுட்டது. தனக்கு மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனத் தடை ஆகட்டும் என்று நினைப்பவனைப் பற்றிச் சின்ன வயதில் கேட்டபோது, இப்படியும் முட்டாள் உண்டா என்று சிரித்திருக்கிறான். லேப்டாப்பை மூடினான். மெதுவாகத்தான் மூடினான். இனி அதை மறதி என்று சொல்ல முடியாது. அன்று நோட்டில் ‘தவறியது’ என்பதற்கு நேரே ஒன்றும் எழுதாமல் விட்டான்.

அடுத்த வாரம் ஒரு பிற்பகலில் பட்டறைக்குத் தொலைபேசி வந்தது. வலப்பக்கத்து நடு ஜன்னல் திரை மேலே போனது, இறங்கவில்லை. பொத்தானை எத்தனை தரம் அமுக்கினாலும் மேலேயே நிற்கிறது. மாப்பிள்ளை வேறு தளத்தில் இருந்தார்.

செய்தி கேட்டதும் அவன் வயிற்றில் ஒரு குளிர்ச்சி இறங்கியது. வெயிலில் வந்தவன் பானைத் தண்ணீர் குடித்ததுபோல. அதுதான் முதலில் வந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது; படி இறங்கி, வண்டியைக் கிளப்பி, இரண்டு தெரு தாண்டிய பிறகு.

வார்டில் கட்டில்கள் நெருக்கமாகப் போட்டிருந்ததால் எதையும் நகர்த்த வழியில்லை. ஜன்னலுக்கு நேரே இருந்த கட்டிலில், கண்ணில் கட்டோடு ஒரு பெரியவர். அவர் முகத்துக்கும் வெயிலுக்கும் நடுவில் ஒரு படுக்கை விரிப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு நர்ஸ் நின்றிருந்தார்.

“வாங்க. இதப் பிடிங்க. எனக்கு இன்னும் நாலு பேருக்குச் சொட்டு மருந்து விடணும்.”

அவன் வாங்கிக்கொண்டான். கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்தபடி நின்றான். கண்ணாடி அனலாகக் கொதித்தது. முதுகில் வேர்வை ஊறியது.

“யாருப்பா அது? சிஸ்டர் மாதிரி தெரியலியே, மூச்சு வேற மாதிரி இருக்கு” என்றார் பெரியவர்.

“திரை மாட்டுறவன் ஐயா.”

“அப்ப சரியான ஆளுதான். திரையாவே நிக்கிறியே.” சிரித்தார். “நான் பஸ் டிரைவர். சாயங்கால ட்ரிப்பு, மேற்க பாத்த ரோடு. முப்பது வருஷம் அந்த ஆளு மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஓட்டுனவன். ரிட்டயர் ஆனா விட்டுடுவான்னு பாத்தேன். ஆஸ்பத்திரி வரைக்கும் தேடி வந்துட்டான்.”

“வலிக்குதா ஐயா?”

“கட்டு வழியா செவப்பா தெரிஞ்சுது கொஞ்சம். இப்ப இல்ல. கை கடுக்குதா?”

“இல்ல.”

“பொய் சொல்ற. விரிப்பு ஆடுது, காத்து வருது எனக்கு. நீ செஞ்சதா இந்தத் திரை?”

அவன் வாயைத் திறந்தான். “எங்க மாப்பிள்ளை செஞ்சது” என்று நாக்கு நுனி வரை வந்தது. உண்மைதானே? ஆனால் சொல்ல முடியவில்லை.

“எங்க பட்டறைல செஞ்சது” என்றான்.

எதிர்க் கட்டடத்தின் பின்னால் சூரியன் இறங்கும்வரை நின்றான். பெரிய மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்ன பிறகே கையைத் தாழ்த்தினான். தோள்கள் இரண்டும் யாரோ கழற்றி மாட்டியதுபோல் இருந்தன.

மறுநாள் பட்டறை மேசையில் அந்த ரிலேயைத் திறந்தார்கள். காண்டாக்ட் கரிந்து, உருகி, எதிர்ப்புள்ளியோடு ஒட்டியிருந்தது. மாப்பிள்ளை பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“இது இப்படிக் கருகக் கூடாதே” என்றார் தனக்குத்தானே. பிறகு நிமிர்ந்தார். “மேடம், என்னது வேணாம். மச்சானோடதே போட்டுடுங்க. ஆஸ்பத்திரி வெளயாட்டு இல்ல. நான் வெலையப் பாத்தேன், எடத்தப் பாத்தேன். அவரு ஆளப் பாத்திருக்காரு.”

“செட்டிங் எல்லாம் சரியா இருந்துச்சா?” என்று மேடம் கேட்டார்.

“அது மச்சான் போட்டது மேடம்” என்றார் மாப்பிள்ளை. அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல் சொன்னார். மேடமும் தலையசைத்தார். யாரும் லேப்டாப்பைத் திறக்கவில்லை.

“அப்ப முடிவாயிடுச்சு. ரெண்டாந்தரம், பில்டிங் உங்களது. கடைக்காரர்ட்ட மாப்பிள்ளையோட ரிலே மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடுங்க. சரக்கு மோசம்னு எழுதிடுங்க.”

எல்லாரும் கை கொடுத்தார்கள். மாப்பிள்ளை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். தோற்பதில்கூட அந்த மனிதர் தன்னைவிடக் கெட்டிக்காரராக இருக்கிறார் என்று அவன் நினைத்தான். தான் தோற்றிருந்தால் ஒரு வாரம் யாரோடும் பேசியிருக்க மாட்டான். வென்ற பிறகும் பொறாமைப்பட ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது.

மாலை அம்மா நடுத்துண்டு மீனை அவன் தட்டில் வைத்தாள். அதிலும் முள் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. தங்கையின் கண் இமை தடித்திருந்தது. சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளை சொன்னார்:

“மச்சான், தப்பா நெனச்சுக்காதீங்க. மாசம் முடிஞ்சதும் நான் பழைய வேலைக்கே போயிடலாம்னு பாக்குறேன்.”

“ஏன்?”

“உருட்டுக் கதவு கெட்டா கடைக்காரன் திட்டுவான், அவ்ளோதான். இங்க ஒருத்தர் கண்ணு போயிருக்கும். ரிலே எதுனால போச்சுன்னே எனக்குப் புரியல பாருங்க. புரியாத வேலைய எப்படிச் செய்றது? அந்தப் பக்கமே வீடும் பாத்துக்கிறோம். உங்க ரூம் உங்களுக்குத் திரும்பக் கெடைக்கும்.”

அறை, கட்டடம், தனி மேசை, நடுத்துண்டு. ஆசைப்பட்டது ஒன்று விடாமல் வரிசையாக வந்து நின்றது. எதையும் தொட முடியவில்லை. ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது.

காலையில் மாப்பிள்ளை மாடிப்படியில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவன் இரண்டு படி மேலே நின்றான்.

“மாப்பிள்ளை, ரிலே நல்லாத்தான் இருக்கு. எடவெளி சுழியம்.”

“என்ன மச்சான்?”

“வலப்பக்கம் மூணுக்கும். நான் அரை விநாடி போடல.”

மாப்பிள்ளையின் கை கயிற்றிலேயே நின்றது. “இப்பதான் பாத்தீங்களா?”

“இல்ல. போட்ட அன்னிக்கே தெரியும்.”

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார்கள்.

“மறந்துட்டீங்க” என்றார் மாப்பிள்ளை. கேள்வியா, சொல்லிக் கொடுப்பதா என்று தெரியாத ஒரு குரல். ஆம் என்றால் போதும். அவர் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தார். மறதி யாருக்குத்தான் இல்லை?

“மறக்கல. வார்டுல உக்காந்து அதப் பாத்தேன். பாத்துட்டு மூடுனேன்.”

“ஏன்?”

எதைச் சொல்வது? சுவரில் குத்தியிருந்த அட்டையையா, அம்மாவையா, தரையில் உட்கார்ந்திருக்கிறவரா என்று நர்ஸ் கேட்டதையா? எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தபோது ஒரே வாக்கியமாகத்தான் வந்தது.

“உங்க படம் நல்லா இருந்துச்சு.”

மாப்பிள்ளை குனிந்து கயிற்றை இறுக்கிக் கட்டினார். “ராத்திரி பூரா இவ அழுதா. நான் ஒரு மண்ணும் தெரியாதவன்னு நானே அவகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன்.” எழுந்தார். “மேடம்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா கோள் மூட்டுன மாதிரி இருக்கும்.”

படியிறங்கிப் போனார். எந்தப் பேச்சிலும் முன்னும் பின்னும் மச்சான் என்று சேர்க்கிறவர், கடைசியில் சொன்னதில் எங்கேயும் அதைச் சேர்க்கவில்லை என்பதை அவன் கவனித்தான்.

பட்டறையில் மேடம் அவன் சொன்னது முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் பேனாவை மூடி வைத்தார்.

“தப்பு செஞ்சா திருத்திக்கலாம். இது தப்பு இல்ல. ஆளுங்க படுத்திருந்த வார்டு அது.”

“ஆமா மேடம்.”

“உங்கள வேலைய விட்டுத் தூக்கணும். தூக்கலாமான்னு இன்னும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன். நீங்களா வந்து சொன்னதுக்காக இந்தச் சோதனை முடியுற வரைக்கும் அந்த யோசனையத் தள்ளி வைக்கிறேன். வலப்பக்கத்த மறுபடி மொதல்லேருந்து ஓட்டணும். எடவெளிய இந்தத் தரம் மாப்பிள்ளையே போடட்டும். நின்னா பில்டிங் அவரோடது, நீங்க அவருக்குக் கீழ. இனிமே உங்க பேனலையும் இன்னொருத்தர் தொறந்து பாக்காம வண்டில ஏத்தக் கூடாது.”

“சரி மேடம்.”

“கடைக்காரருக்கு எழுதுன கடிதம் போயிடுச்சா?”

“இல்ல. நான் அனுப்பல.”

“அந்த மட்டும் பொழச்சோம். நர்ஸம்மாகிட்டயும் அந்த டிரைவர்கிட்டயும் யாரு சொல்றது?”

“நான் சொல்றேன்.”

வெளியே வரும்போது சுவரில் மாப்பிள்ளையின் அட்டை கண்ணில் பட்டது. இரண்டு ரிலே, இரண்டு கோடு, ஓரத்தில் வட்டமிட்ட அரை விநாடி. அவன் நின்று பார்த்தான். மனசு லேசாகிவிடும் என்று எதிர்பார்த்திருந்தான். ஆகவில்லை. அந்தக் கோடுகளைத் தான் போட்டிருக்கக் கூடாதா என்று வயிறு முன்போலவே எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டு, கிடங்குக்குப் போய்ப் புது ரிலேக்களை எடுத்து வைத்தான்.

மாலை வீட்டில் தங்கை அவனுக்குத் தட்டு வைத்துவிட்டு உள்ளே போனாள். மாப்பிள்ளை அறையிலிருந்து வரவில்லை. அவன் சாப்பிட்டுக் கை கழுவி, மேசையில் உட்கார்ந்து எழுதினான்.

நாளை: காலை எட்டு மணிக்குக் கண் ஆஸ்பத்திரி. தலைமை நர்ஸிடமும் டிரைவர் ஐயாவிடமும் நடந்ததைச் சொல்ல வேண்டும். வலப்பக்கத்துத் திசை ரிலே மூன்றையும் கழற்றிப் புதியது செருக வேண்டும். இடைவெளியை மாப்பிள்ளை பதிவார். நான் பக்கத்தில் நின்று எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். ஏணி பட்டறையில் இருக்கிறது, எடுத்துப் போக வேண்டும்.